கொசுறு

துறைமுகத்தில் அரைக்கிலோ சங்கரா வாங்கியபோது
கூடைக்குப் பின்னாலிருந்து வந்தது.
"கொசுறு, வச்சுக்க" என்றாள் மீன்காரி.
சிரித்துவிட்டு நடந்தேன்.
ஸ்கூட்டர் வரைக்கும் வந்தது.
பெயர் அப்படித்தான்.

நாற்பது நாள் இருக்கும் என்றார் கால்நடை டாக்டர்.
மூன்று மணிக்கொருதரம் சாப்பாடு,
இரண்டு மணிக்கொருதரம் வெளியே,
தனியாக மட்டும் விட்டுவிடாதீர்கள்.
எட்டரைக்கு நான் விரல் வைக்கணும் சார்,
எடுக்க ஐந்தரை ஆகும்.
அவர் என் கழுத்திலிருந்த அட்டையைப் பார்த்தார்.
பூச்சிமருந்து எழுதிக் கொடுத்தார்.

சிப்காட்டில் சாயம் பார்ப்பவள் நான்.
நேற்று வந்த நீலமும் இன்று வந்த நீலமும்
ஒரே நீலமா என்று சொல்ல வேண்டும்.
அதற்குச் சம்பளம்.
விடிகாலையில் சிமெண்ட் தரையில் கிடக்கும் மஞ்சளை
பல்துலக்கியபடியே சொல்லிவிடுவேன்:
இது தண்ணீர் போதாத மஞ்சள்,
இது இடிக்குப் பயந்த மஞ்சள்.
அதற்கு ஒரு பழைய நைட்டியும் பினாயிலும்.

உணவு இடைவேளை முப்பது நிமிடம்.
போக ஒன்பது, வர ஒன்பது.
ரயில்வே கேட் போட்டிருந்தால்
அன்றைக்கு வீடே கிடையாது,
சரக்கு வண்டியின் பெட்டிகளை எண்ணிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.
கேட் திறந்திருந்தால் பன்னிரண்டு நிமிடம்.
அதற்குப் பால்சோறு, எனக்கு எலுமிச்சைச்சோறு,
இருவரும் நின்றபடி.

விடுப்புக் கடிதத்தில் தடுப்பூசி என்று எழுதினேன்.
யாருக்கு என்று படிவம் கேட்கவில்லை.
இளவழுதி சார் கேட்டார்.
வீட்டில் சின்னதுக்கு, என்றேன்.
"உனக்கு எப்பம்மா கல்யாணம் ஆச்சு?"

கீழ்வீட்டு பல்கீஸ் அக்கா முதல் நாளே சொன்னார்:
"எங்களுக்கு நாய் ஆகாதும்மா. படியில விடாத."
துண்டில் சுற்றி, இடுப்போடு அணைத்து
ஏற்றுவேன், இறக்குவேன்.
தையல் மெஷின் ஒரு நொடி நின்று
மறுபடி ஓடும்.

பழைய போனை அரிசி டப்பாவில் சாய்த்து
அங்கிருந்து இங்கே படம் வரச் செய்தேன்.
லேபுக்குள் போன் கூடாது.
கழிவறைக்குப் போய்ப் பார்த்தேன்.
கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தது.
பதினொன்றே காலுக்குப் பார்த்தேன், அப்படியே.
ஒரு மரக்கதவுக்கு
இத்தனை மரியாதை கொடுத்து நான் பார்த்ததில்லை.

புதன்கிழமை
திரை முழுக்க ஒரு நாக்கு வந்தது.
பிறகு ஒரு சரிவு.
பிறகு மின்விசிறி.
அன்று முழுக்க மின்விசிறிதான்.

மூன்றரைக்கு முனகல் கேட்டது.
முனகல் நீண்டது, அரம் போல ஆனது.
எங்கேயோ மெஷின் நின்றது.
செருப்புச் சத்தம் ஒவ்வொரு படியாக ஏறி
கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தது.

"என்னடா இப்ப?
எங்கிட்ட சாவி இல்ல.
இருந்தாலும் தொட மாட்டேன், அசர் தொழுவணும்.
சும்மா கேளு.
மூணாவது தெருவுல ஒருத்தி, லைனிங் பிளவுஸ்,
நாப்பது ரூபா குறைச்சுக் குடுத்துட்டுப் போறா.
அப்புறம் தர்றாளாம்.
நூலு யார் வீட்டு நூலு?
நீயே சொல்லு."

முனகல் நின்றிருந்தது.
மூன்று இறக்கைகளில் ஒன்று வளைந்திருப்பதை
அன்றுதான் கவனித்தேன்.
நான் வெளியே வர பத்தொன்பது நிமிடம் ஆனது.
அதற்குள் ஒரு நீலம் தப்பிப் போய்விட்டது.
மெமோ என்றார் இளவழுதி சார்.

மாலை படியேறும்போது
ஊசியிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார் அக்கா:
"உன் நாய் ஒரே கத்தல்."
சொல்லி வைக்கிறேன்க்கா, என்றேன்.
மின்விசிறி பார்த்த கதையைச் சொல்லவில்லை.

மேலே போய் போனைத் துடைத்தேன்.
அரிசி டப்பாவில் வைக்கவில்லை.
கதவோரம், தரையில்,
கொசுறு காது வைக்கிற இடத்தில் வைத்தேன்.
படம் வராவிட்டால் போகிறது.
அந்த நாற்பது ரூபாய் வந்ததா என்று
எனக்குத் தெரிந்தாக வேண்டும்.