நான்காம் மாடியின் உமி

கெஃபிர் அட்டைப் பெட்டியை மூன்று முறை கழுவினேன்.
அப்படியும் புளித்த வாடை போகவில்லை.
குளிர் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன்.
டௌகாவ்பில்ஸின் பிப்ரவரி
எந்த வாடையையும் வைத்திருக்காது.

ஆணியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி
அடியில் நான்கு துளை,
பனி உருகினால் நீர் வடிய.
பக்கத்துக்கு ஒரு ஜன்னல் வெட்டும்போது
கத்தரி வழுக்கி
கூரை கோணலானது.
இந்தக் கட்டடத்தின் கூரையும் அப்படித்தான்.

உட்கார ஒரு குச்சி வேண்டும்.
சூப்பில் கிடந்து விரிசல் விட்ட
மரக்கரண்டியின் காம்பைக் குறுக்கே நுழைத்தேன்.
கட்டித் தொங்கவிட
ஐவார்ஸ் விட்டுப்போன பூட்ஸின் கயிறு.
பூட்ஸையும் விட்டுத்தான் போனான்.
அதற்கு இன்னும் உபயோகம் தோன்றவில்லை.

ஒன்பது நாள் ஒரு குருவியும் எட்டிப் பார்க்கவில்லை.
உப்பில்லாத பன்றிக்கொழுப்பைத் தடவினேன்,
சூரியகாந்தி விதையைக் குவித்தேன்,
வராத விருந்துக்குப் பந்தி விரித்தவளாய்
திரைக்குப் பின்னால் நின்றேன்.
பத்தாம் நாள்
மஞ்சள் வயிற்றுக்காரன் ஒருவன்
காம்பை விட்டுவிட்டுக்
கூரைமேல் இறங்கி
நாலு மூலையையும் தட்டிப் பார்த்தான்.
நானும் இப்படித்தான் வாடகை வீடு பார்த்தேன்.

பிறகு கூட்டம்.
பிறகு கதவிடுக்கில் ஒரு கடித உறை.
உள்ளே கைப்பிடி உமி, கூடவே
"உங்களுடையது. என் போர்வைகள் மேல் கிடந்தது.
வெலேரியா அந்தோனொவ்னா, மூன்றாம் மாடி."

மறுநாள் ஒன்று.
அதற்கு மறுநாளும்.
பழைய பெயின்ட் வாளியின் மூடியைப்
பெட்டிக்கு அடியில் தட்டாகக் கட்டினேன்.
பாதி உமி நின்றது.
மீதியைக் காற்று
யாரைக் கேட்டு எடுத்துப்போகிறது?

எதிர்ப்பட்டால்
இருவரும் படிக்கட்டுக் கம்பியைப் பார்த்து
வணக்கம் சொல்லிக்கொண்டோம்.

மார்ச் பிறந்தும் பனி விடாத ஒரு வாரம்
டிராம் பணிமனையில் எனக்கு இரவு வேலை,
அடுத்தடுத்து இரண்டு முறை.
விதை தீர்ந்ததைக் கவனிக்கவில்லை.
விடியலில் திரும்பினால், உறை.
கனமில்லை. உமியில்லை.
"இரண்டு நாளாக எதுவும் விழவில்லை.
உடம்புக்கு ஒன்றுமில்லையே?
இன்னொன்று. போன வாரம் பழுப்பாய் ஒன்று வந்ததே,
தலைக்குப் பொருந்தாத பெரிய அலகு,
எல்லாரையும் விரட்டிவிட்டுத்
தான் மட்டும் தின்றதே,
அதன் பெயரென்ன?"

கோட்டைக் கழற்றாமல்
முதலில் விதையைக் கொட்டினேன்.
பெயர் எனக்கும் தெரியாது.
அதையே உறையின் பின்னால் எழுதிக்கொண்டு
ஈர பூட்ஸோடு
ஒரு மாடி இறங்கினேன்.