முக்கால் பவுன்

தலை தீபாவளிக்கு மாமனார் போட்ட மோதிரம்
என் விரலில் இருந்ததைவிட
கோட்டூர் கூட்டுறவுச் சங்கத்து இரும்புப் பெட்டியில்
இருந்த நாள்தான் அதிகம்.
மேட்டூர் திறந்தால் அது உள்ளே போகும்.
விதைநெல்லாய், யூரியாவாய், நடவாள் கூலியாய்
என் நாலு மா குத்தகையில் இறங்கி
நெல் போட்ட பணம் வந்தபின்
ரசீதோடு கரையேறும்.
அதுவரை விரலில் வெளுத்த ஒரு வளையம்.
அந்தக் கையால்தான்
பட்டறையில் எத்தனை இன்ஜின் பிரித்தேன்,
ஒரு கீறல் இல்லை.

அந்தத் தையில் மச்சினன் கல்யாணம்.
வெறும் விரலோடு பந்தியில் உட்கார வேண்டாமென்று
கைமாற்று வாங்கி மீட்டேன்.

மூன்றாம் நாள் களப்பாலில்
மரியசூசையின் அறுப்பு மெஷின்
பாதி வயலில் நின்றுவிட்டது.
கிழக்கே மேகம். கதிர் தலைசாய்ந்து கிடந்தது.
பேட்டரி முனையில் பதின்மூன்றாம் நம்பர் ஸ்பேனர் வைத்தேன்.
பன்னிரண்டு வோல்ட்தானே,
ஈரக்கையால் தொட்டாலும் ஒன்றும் செய்யாது என்று
எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்.
பொய்யில்லை. என்னை அது ஒன்றும் செய்யவில்லை.
மோதிரத்தைத்தான் செய்தது.

ஸ்பேனருக்கும் பாடி இரும்புக்கும் நடுவில்
முக்கால் பவுன் பாலமாகிவிட்டது.
தட்டான் ஊதி ஊதிப் பழுக்க வைப்பது
நான் ஐயோவின் ஐயில் இருக்கும்போதே பழுத்துவிட்டது.
உதறினேன்.
உதறினால் விழ அதென்ன தண்ணீரா?
கல்யாண வீட்டு நெய்வாசம் போகாத கையில்
வேறொரு வாசம்.

மன்னார்குடி ஆஸ்பத்திரியில்
குட்டி ரம்பம் ஒன்று வைத்திருக்கிறார்கள், இதற்கென்றே.
அறுத்ததைப் பஞ்சில் சுற்றிக் கொடுத்த நர்ஸ்
"எடை பாத்துக்குங்க" என்றாள்.

இரண்டு துண்டாக அது மறுபடி சங்கத்துக்குப் போனது.
மதிப்பீட்டாளர் ஆராவமுது
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"உள்பக்கம் என்ன கறுப்பா ஒட்டியிருக்கு?"
"தோல்" என்றேன்.
அதற்குப் பிறகு அவர் உரைகல்லில் தேய்க்கவில்லை.
கேட்ட தொகையைவிட இருநூறு கூடவே போட்டார்.

ஆவணியில் தையல்நாயகி
மாவு மில்லில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள்.
தகரத்தை நகர்த்தக் குனிந்தவளின் கழுத்தைப்
பெல்ட் கேட்டது.
ஐந்து பவுன் செயின் அப்போது குறுவைக்குப் போயிருந்தது.
கழுத்தில் கிடந்தது மஞ்சள் கயிறு,
பதினெட்டாம் பெருக்கன்று படித்துறையில் மாற்றியது.
புதுசுதான். ஆனாலும் நூல் நூல்தானே.
இழுத்தது, அறுந்தது.

சுவிட்சை அணைத்துவிட்டு
மிளகாய்த் தூளில் தாலியைத் துழாவினாளாம்,
கண்ணெல்லாம் நீர்.
அரைக்க வந்தவர்களுக்கு அந்த நீர் போதுமாயிருந்தது.
"தாலி அறுந்துபோச்சேடி" என்று ஒருத்தி ஆரம்பிக்க
இன்னொருத்தி எங்கள் தெரு இருக்கும் திசையைப் பார்த்தாளாம்,
சங்குச் சத்தம் கேட்கிறதா என்று.
நான் ஒரு டிராக்டருக்கு அடியில்
ஆயில் சொட்டச் சொட்டப் படுத்திருந்தேன்,
உயிரோடு, அரைவயிற்றுப் பசியோடு.

"அறுந்ததாலதான் நின்னு பேசிக்கிட்டிருக்கேன்"
என்றாள் தையல்நாயகி.
"செயினா இருந்தா நீங்க இப்ப
என்னைத்தான் அள்ளிக்கிட்டிருப்பீங்க."

மறுநாள் சுவிட்சுப் பலகைக்குப் பக்கத்தில் ஒரு ஆணி அடித்தாள்.
மெஷின் ஓடும்வரை தாலி அதில் தொங்கும்.
அவள் அத்தை இரண்டு வாரம் பேசவில்லை.
பேசாத அந்த இரண்டு வாரமும்
எங்கள் மில்லில்தான் அரைத்தாள்.

என் விரலில் வெளுத்த வளையம் போய்
கறுத்த வளையம் வந்துவிட்டது.
கழற்றவும் முடியாது, அடகு வைக்கவும் முடியாது.
பேட்டரியைத் தொடுமுன் இப்போதும்
இடது கை தானாக வந்து
அந்த விரலைத் திருகிப் பார்க்கிறது.

நகைக்கடன் தள்ளுபடியாம்,
டீக்கடையில் காலையிலிருந்து இதே பேச்சு.
எல்லார் நகையும் வீடு திரும்பப்போகிறதாம்.
சொல்லலாம் என்று மில்லுக்கு ஓடினேன்.

சேதி முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது.
வாயில் ஒன்றைக் கவ்விக்கொண்டு
சுத்தியலோடு நின்றாள்.
கயிறு தாங்கும் ஆணி
ஐந்து பவுனைத் தாங்குமோ தாங்காதோ.