ஏழாவது பிளா

சம்மாட்டி வஸ்தியாம்பிள்ளை
விடியமுன் வாடிக்குள் விறைத்துக் கிடந்தார்.
நெஞ்சுவலி என்றது பாசையூர்;
கோயில் மணியும் ஒத்துக்கொண்டது.

ராத்திரி கூழ் காய்ச்சின றெஜினா மட்டும்
குப்பையைக் கிளறினாள்.
ஏழு பேருக்கு ஏழு பிளா,
கோலினது அவள்தான்.
ஆறில் புளியும் செத்தல் மிளகாயும் காய்ந்து
இலையான் மொய்க்க,
ஏழாவது
கூழே தொடாத பச்சை ஓலை.
முடிச்சு இடக்கைப் பக்கம்.

செத்தவீட்டில் தேத்தண்ணி ஓடியது.
கணக்குப்பிள்ளை இஞ்ஞாசி
இடக்கையால் கொப்பியில்
பெட்டிச் செலவு எழுதிக்கொண்டிருந்தான்.

"தம்பி, என்ர கணக்கில
ஒரு பிளா குறையுது.
கோலித் தாரும்."

ஓலையை வாங்கினவன்
வாசலைப் பார்த்தான்.
அங்கே பொலிஸ்காரர், ஆறுதலாய்,
சப்பாத்து நாடாவை
அவிழ்த்துக்கொண்டிருந்தார்.