லாபம், ரெண்டு, மூணு

கீழமாசி வீதியில் எங்கள் மண்டியில்
யாரும் ஒன்று என்று எண்ணுவதில்லை.
முதல் மூடை இறங்கினால் "லாபம்."
அப்புறம்தான் ரெண்டு, மூணு.
வாக்கு எண்ணுகிற இடத்திலும்
முதல் சுற்று முடிந்ததும்
உதடு அசையாமல் விரலை மடக்கி
அண்ணாச்சி அப்படித்தான் எண்ணினார்.
பக்கத்தில் நான், செலவு நோட்டோடு.

ப. வெயிலுமுத்து,
வத்தல், மல்லி, கமிஷன் வியாபாரம்.
சாத்தூர்ச் சம்பாவைக் கைநிறைய அள்ளி
காதருகே குலுக்கி
விதை சொல்வதைக் கேட்டு விலை வைப்பவர்.
வைத்த விலையை வாயால் சொல்லமாட்டார்.
துண்டுக்கு அடியில் கை கோக்கும்,
விரல் பேசும்,
எதிராளி முகத்தை வைத்து
ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

கட்சிக்காரர்கள் வந்தது ஆடி மாசம்,
வியாபாரம் படுத்துக்கிடந்த மத்தியானம்.
வந்த ஆறு பேரும் தும்மினார்கள்.
மாவட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:
"அண்ணாச்சி, சீட்டு உங்களுக்குத்தான்.
செலவு மட்டும்..."
நான் பேரேட்டில் புதுப் பக்கம் திருப்பி
மேலே உ போட்டு
எந்தத் தலைப்பில் எழுத என்று கேட்டேன்.
"கோயில் வகை" என்றார்.

செல்லூர், ஆரப்பாளையம், ஆற்றங்கரைச் சந்துகள்.
ஆரத்தித் தட்டுக்கு ஐம்பது, ரசீது கிடையாது.
வேட்டி நுனியில் சாக்கடை,
மாலை கழுத்தை அறுத்த தடம்.
ஜெயித்தார்.

கோட்டையில் ஐந்து வருஷம்.
யானைக்கல் பக்கம் சுமை தூக்குகிறவர்களுக்கு
ஓய்வுக் கொட்டகை கட்ட
அரசு முன்வருமா என்று கேட்டார்.
அப்படியொரு உத்தேசம் தற்போது இல்லை
என்றார் அமைச்சர்.
துணைக் கேள்விக்கு எழுந்தபோது
மணி அடித்துவிட்டது.
பிறகு தொகுதி நிதியில் அவரே கட்டினார்.
கல்வெட்டில் வெயில்முத்து என்றிருக்கிறது,
உகரம் விட்டுப்போனதை
யாரும் சரிசெய்யவில்லை.

சந்தைக் கட்டணம் கூட்டுகிற மசோதா
நாலாம் வருஷம் வந்தது.
ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க.
அங்கே துண்டு உண்டு, தோளில்.
அடியில் கைவிட ஆளில்லை.
கொறடா திரும்பிப் பார்த்தார்.
இவர் ஆம் என்றார்.

மறுநாள் பஜார் அடைப்பு.
ராத்திரி சென்னையிலிருந்து போன்.
"எத்தனை கடைப்பா அடைச்சாங்க?"
எல்லாம், அண்ணாச்சி.
"நம்ம கடை?"
முதல்ல நம்ம கடைதான். நான்தான் இறக்கினேன்.
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
பிறகு, "லாபம்" என்றார்,
வைத்துவிட்டார்.

அடுத்த தடவை சீட்டு
காலேஜ் வைத்திருந்த ஒருவருக்குப் போனது.
கோயில் வகைப் பக்கத்தில்
நாற்பத்தோரு லட்சம் பற்று.
வரவுப் பக்கம் வெள்ளை.
எழுதும்படி ஏதும் வந்ததா என்று
அவர் சொல்லவில்லை,
நான் கேட்கவுமில்லை.
கணக்கு எழுதுகிறவன்
கேட்டிருக்க வேண்டும்.

மாசியில் புது வத்தல் வரத்து.
பழைய இடத்தில், பழைய மெத்தையில்
வந்து உட்கார்ந்தார்.
சோணை மூடையைப் பிரித்தான்.
ஒரு கை அள்ளினார்,
காதுக்குக் கொண்டுபோகும் பாதியில்
தும்மினார்.

முப்பது வருஷம் இந்த நெடியில்
சோறு தின்றவர், தூங்கினவர்.
தராசுக்காரன் கல்லைக் கீழே வைத்தான்.
வாங்க வந்த தேனிக்காரர்
ரோட்டைப் பார்த்தார்.
சோணைதான், குழந்தைக்குச் சொல்வதுபோல,
"நூறு" என்றான்.

இன்னொன்று வந்தது.
"எரநூறு."

மூன்றாவதுக்கு அவர்
எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.