தொடர்ச்சி

ஹாலிஃபாக்ஸ், 1968, மார்ச். இரண்டாவது ஸ்டூடியோ.
நேற்று எரிந்த மெழுகுவர்த்தி
இன்று எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று
அளந்து எழுதுவது என் வேலை.

கதையில் இன்னும் ஒரே இரவுதான்.
பதினோரு நாளாக விடியாத இரவு.
மருமகள் மாடிப்படியில் நிற்கிறாள்.
மாமியார் கீழேயிருந்து கேட்கிறாள்: என் மகன் எங்கே?
படிகள் ஆறு. ஏழாவது, அட்டையில் வரைந்தது.
இடைவேளையில் அந்த மாமியார்
அந்த மருமகளின் குழந்தைக்குக் காலுறை பின்னுகிறாள்.

புதன்கிழமை மைக்கின் நிழல் சுவரில் விழுந்துவிட்டது.
நீளமாக, தலை குனிந்து,
ஒட்டுக் கேட்பவனைப் போல.
மறுபடி எடுக்க டேப் இல்லை.
மூன்றரை மணிக்கு அப்படியே போனது.

கடிதங்கள் வந்தன, இரண்டு சாக்கு.
யார் அவன்?
மருமகள் பார்த்தும் பார்க்காததுபோல் நின்றாளே,
அவளுக்குத் தெரியும்!
அவள் பார்த்துக்கொண்டிருந்தது வசன அட்டையை.

வெள்ளிக்குள் நிழலுக்குப் பெயர் வைத்தார்கள்.
திங்களன்று அதற்கு ஒரு மரணம் கிடைத்தது,
செவ்வாயன்று கொன்றவள்.
என் நோட்டில் புதிய வரி:
நிழல், இடப்பக்கம், மூன்றாம் ஜன்னல். மாறக் கூடாது.

என் மாமியார் ஹல்டா ஸ்விக்கர்
ஒரு நாள்கூடத் தவறவிடுவதில்லை.
அட்டைப் படி என்று சொன்னேன். மைக் என்று சொன்னேன்.
பென்சிலால் வரைந்தும் காட்டினேன்.
"உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்" என்றாள்.

இளைய மகன் ஓபெட் கடலுக்குப் போய் நான்கு வருடம்.
அன்று விடிகாலை அவனுக்குக் காபி ஊற்றியது நான்.
அதை இதுவரை யாரும் பேசியதில்லை,
உப்புமீன் முள்ளைப்போல்
தட்டோரம் ஒதுக்கியே வைத்திருந்தோம்.

இப்போது நான் கொடுக்கும் கோப்பையை
முகர்ந்துவிட்டுத்தான் குடிக்கிறாள்.
கூடத்துக் கண்ணாடி ஒரு சாண் நகர்ந்திருக்கிறது.
கதவைத் திறந்து நான் வரும்போது
அதில் விழுகிறேனா என்று
அவள் நாற்காலியிலிருந்தே தெரியும்.
என் கணவன் மெர்ல் உருளைக்கிழங்கை
வெட்டுகிறான், வெட்டிக்கொண்டே இருக்கிறான்.

நேற்றிரவு விளக்கை அணைக்கப் போனேன்.
அணைந்த தொலைக்காட்சியைப் பார்த்தபடி கேட்டாள்:
"அவன் ஏதாவது சொன்னானா?"

மைக் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.
எங்கள் கூடத்தில் ஜன்னலே ஒன்றுதான்.
அதன் பக்கத்தில் என் நிழல்,
தலை குனிந்து.

"காபி நன்றாக இருந்தது என்றான்."

நெடுநேரம் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

காலையில் கண்ணாடி அதே கோணத்தில் இருந்தது.
கோப்பையை முகர்ந்தாள், குடித்தாள்.
பேருந்தில் நோட்டை எடுத்து
இரண்டையும் எழுதிக்கொண்டேன்.