மூவாயிரத்து இருநூறு அடி

ரீகாவில், ஆற்றை ஒட்டிய அரங்கு.
மூன்றாம் வரிசை கொடுத்தார்கள்.
பக்கத்தில் சிகுர்ட்ஸ், இரவல் கோட்டில்.

திரையில் நான் அழகாயிருக்கிறேன்.
எனக்கொரு மகள் இருக்கிறாள்.
இரண்டு என்ஜினும் நின்றதும்
அவள் படத்தை எடுத்து முத்தமிடுகிறேன்.

என்னை நடித்த பெண் அப்போதே கேட்டாள்:
"அந்த நொடியில் யாரை நினைத்தீர்கள்?"
நூற்று முப்பதை, என்றேன்.
வேகம். அதற்குக் கீழே போனால்
விமானம் இல்லை, கல்.
அவள் குறித்துக்கொள்ளவில்லை.

திரையில் கேப்டன் கத்துகிறார்.
குன்வால்டிஸ் கத்தவில்லை.
"உன் பக்கம் வெயில் கூசுகிறதா?" என்று கேட்டு
மறைப்பை இழுத்துவிட்டார்.
என் கடைவாயில் ஒரு எலுமிச்சை மிட்டாய்.
பதினோரு நிமிடம்; கரையவேயில்லை.
படத்தில் நான்கே நிமிடம்,
பின்னால் வயலின் இசை வேறு.

யெல்கவா நெருங்குகிறது.
எல்லோரும் என் முகத்தைப் பார்த்து விசும்ப
நான் உயரமானியைப் பார்க்கிறேன்.
அட்டையில் செய்தது போலும்.
முள் மூவாயிரத்து இருநூறில் நிற்கிறது.
காடு வருகிறது, மின்கம்பி வருகிறது,
முள் அங்கேயே.
வயிறு மண்ணைக் கிழிக்கிறது.
அங்கேயே.

கைதட்டல். விளக்கு.
நாற்பத்தாறு பேரில் வந்திருந்தவர்கள் எழுந்து நிற்கிறார்கள்.
என் வலதுகால் இன்னும்
முன் இருக்கையின் கம்பியை மிதித்தபடி.

சிகுர்ட்ஸ் குனிந்து அதைப் பார்த்தார்.
"கோதுமை காட்டிவிட்டார்கள்" என்றார்.
"நான் போட்டிருந்தது பீட்ரூட்.
அந்த வாரம்தான் நீர் பாய்ச்சியிருந்தேன், மண் இளகிக் கிடந்தது.
அதில்தான் நின்றீர்கள்."

கொஞ்சம் கொஞ்சமாகக் காலை எடுத்தேன்.