செவ்வாய்க்கிழமைத் துரு

சுப்பீரியர் நகரில் ஐந்து மாதம்
சாலைக்கு உப்பிடுகிறார்கள்.
அந்த உப்பு தின்ற இரும்பை வெட்டியெடுப்பது
என் பிழைப்பு.
காங்கஸ் பட்டறை, பின்வாசல் வழியாக வரவும்.
நேற்று ஸ்டென்பெர்க்கின் பிக்கப்பில்
கதவின் அடிவிளிம்பைச் சுத்தியலால் தொட்டேன்,
அப்பளமாய் நொறுங்கியது.

இரவு, நிலவறையில்,
உலைக்கும் துணி துவைக்கும் எந்திரத்துக்கும் நடுவே
துருவை நானே உண்டாக்குகிறேன்.

ஏழு அங்குலச் சரக்குப்பெட்டி.
அட்டையைப் பிரித்தபோது புதுமாப்பிள்ளை போலிருந்தது,
சகிக்கவில்லை.
அக்டோபரில், இருபத்தெட்டாம் தெரு கேட்டில் காத்திருந்தபோது
கைபேசியில் பிடித்த படம் விளக்கடியில் சாய்ந்திருக்கிறது.
எண் 40817.
செவ்வாய்க்கிழமை, மாலை நாலு பத்து.

முதலில் துருவைப் பூச வேண்டும்.
வண்டியின் இளமை அதற்கு மேல்தான் வரும்.
பழுப்பு காய்ந்ததும் பக்கவாட்டை நனைத்து
அடுக்களை உப்பைத் தூவுவேன்.
"உப்பு டப்பா மறுபடி கீழேயா?" என்பாள் மாவிஸ்.
அப்புறம் சிவப்பு,
அதிலேயே இருபத்தாறு கோடையின் வெயிலைக் கலந்து,
அதாவது வெள்ளை, எட்டுச் சொட்டு.
காய்ந்தபின் கட்டைவிரலால் தேய்த்தால்
உப்பிருந்த இடமெல்லாம் உதிர்ந்து
அடியிலிருந்து துரு எட்டிப்பார்க்கும்.

ஆணித்தலை ஒவ்வொன்றின் கீழும் ஒரு புள்ளி எண்ணெய் வர்ணம்.
தின்னரில் நனைத்த தூரிகையால்
கீழ்நோக்கி, நேராக, ஒரே இழுப்பு.
கை கோணினால்
மழை பொய் சொன்னதாகிவிடும்.
கதவில் மட்டும் ஒரு நீளக் கோடு,
மேல்தண்டவாளத்திலிருந்து கைப்பிடி வரை வந்து
அங்கே தயங்கி, பிறகு இரண்டாகப் பிரிவது.
அதற்கு மூன்று இரவு.

இடது மூலையில் பழைய கம்பெனியின் பெயர்,
மேலே பூசி மறைத்தும் மறையாதது.
படத்தைப் பெரிதாக்கினால் இரண்டெழுத்து தெரிகிறது,
மூன்றாவதைப் பார்த்ததாகச் சத்தியம் செய்ய மாட்டேன்,
அதனால் போடவில்லை.

சக்கரத்தின் ஓடுவிளிம்பைத் துடைத்துப் பளபளப்பாக்கினேன்.
ஓடும் இடத்தில் துரு பிடிக்காது.
ரூபென் இதைக் கேட்டால் ஞானோபதேசம் என்பான்.
உரசல், அவ்வளவுதான்.

இந்த மார்ச்சில் அதே கேட்,
அதே மணியோசை,
எண்பதோ தொண்ணூறோ பெட்டி கழிந்து
40817 வந்தது.

நான் வண்டியைவிட்டு இறங்கிவிட்டேன்.

கதவு நீலம்.
வேறேதோ பெட்டியின் கதவைக் கழற்றி
இதில் மாட்டியிருக்கிறார்கள்.
என் கோடு இல்லை.
அது தயங்கிய கைப்பிடியும் இல்லை.
மூலையில் சதுரமாய்ப் புதுத் தகடு,
வெல்டிங் தழும்பு இன்னும் ஆறாமல்,
இரண்டெழுத்தும் போயிற்று.
கைபேசி பையிலேயே கிடந்தது.
கேட் எப்போது தூக்கினார்களோ,
பின்னாலிருந்தவன் ஹாரனை அழுத்தி
என் தாயாரை விசாரித்தான்.

உதிரிப் பெட்டியில் என்னிடம் ஒரு நீலக் கதவு உண்டு.
எடுத்துப் பொருத்திப் பார்த்தேன்.
கச்சிதம்.
"சூப் ஆறுது" என்று மேலிருந்து குரல்.
கத்தி முனையைப் பசைக்கோட்டில் வைத்தேன்,
கொஞ்ச நேரம் வைத்தபடியே இருந்தேன்.

பிறகு பெட்டியைக் கவிழ்த்து,
யாரும் பார்க்காத அடிவயிற்றில்,
பென்சிலால் எழுதினேன்:
அக்டோபர், செவ்வாய், மாலை 4:10.
நீலக் கதவு திரும்ப உதிரிக்குள் போனது.

நாளை எட்டு மணிக்கு ஸ்டென்பெர்க் வருவார்.
அவருடைய பிக்கப்புக்கு
காயலான் கடையில் ஒரு கதவு பார்த்து வைத்திருக்கிறேன்.
நல்ல கதவு, துளி ஓட்டை இல்லை.
நிறம்தான் வேறு,
பரவாயில்லையா என்று கேட்க வேண்டும்.